சாந்தோம் என்று ஒரு நாடு இருக்கிறது

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சனி, ஞாயிறு ஆனால் இரண்டு நண்பர்களோடு பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு அமிர்தி, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று சுற்றுகிறவராம். மாலத்தீவும் மொரீஷியஸும் எல்லாரும் போகிற இடம். கூட்டம் இல்லாமல், காடும் பறவையும் நிறைய இருக்கிற ஒரு தீவு நாடு வேண்டும். சாவோ தோமே என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. வேலூரில் இருந்துகொண்டு அங்கே போய்வர முடியுமா, போனால் செலவுக்குத் தகுமா என்பது கேள்வி.

முடியும். தகுமா என்பது அங்கே போய் எதைப் பார்க்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அங்கோலாவில், லுவாண்டா நகரத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். அங்கிருந்து சாவோ தோமேவுக்கு இரண்டு மணி நேர விமானம். ஊருக்கு வர முடியாத விடுமுறைகளில் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன்: 2016 டிசம்பரில் ஒரு தடவை, 2019 ஜூலையில் ஒரு தடவை. பறவை நிபுணன் இல்லை. தட்டுத்தடுமாறிப் போர்ச்சுகீசியம் பேசுவேன், அதுதான் என் மூலதனம்.

முதலில் பெயர். நம்ம மயிலாப்பூர்ப் பக்கத்து சாந்தோம் இருக்கிறதே, அதே பெயர்தான் இது. புனித தோமையாரைப் போர்ச்சுகீசியர்கள் சாவோ தோமே என்பார்கள். அவர்கள் சென்னைக் கடற்கரையில் வைத்த பெயர் நம்ம நாக்கில் சாந்தோம் ஆனது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. முழுப் பெயர் சாவோ தோமே மற்றும் பிரின்சிப்பே. இரண்டு தீவு, ஒரு நாடு. மொத்தப் பரப்பு 1,001 சதுர கிலோமீட்டர். 2019-இல் மூன்றாகப் பிரித்த பிறகு மிச்சமிருக்கிற வேலூர் மாவட்டத்தில் இது ஏறக்குறையப் பாதி. மக்கள்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம். வருடத்துக்குச் சில பத்தாயிரம் வெளிநாட்டார் வந்தால் அதிகம். மொரீஷியசுக்கு 2019-இல் மட்டும் 13 லட்சம் பேர் போனார்கள். கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்றீர்களே, அந்த விஷயத்தில் ஏமாற மாட்டீர்கள். என் முதல் பயணத்தில் நான்கு நாள் காட்டுக்குள் சுற்றி, எதிரே வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டே பேர்.

ஆனால் "கை படாத காடு" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாரும் சறுக்குகிற இடம் அதுதான். அந்தக் காட்டில் பெரும்பகுதி, வெட்டப்பட்டு, தோட்டமாகி, கைவிடப்பட்டு, மறுபடி மூடிக்கொண்ட காடு. மலைச்சரிவும் மழையும் தோட்டக்காரனை விரட்டிய தென்மேற்கு மூலையிலும் உச்சிகளிலும்தான் பழைய காடு நிற்கிறது. இது தெரிந்து போனால் ஒவ்வொரு அடியிலும் ஏதாவது கண்ணில் படும். தெரியாமல் போனால் பச்சையாய் இருக்கிறது, வழுக்குகிறது, அவ்வளவுதான்.

நடந்தது இது. 1470 வாக்கில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்தபோது தீவில் மனிதர்களே இல்லை. முதலில் கரும்பு போட்டார்கள், அதற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கரும்பு பிரேசிலுக்குப் போனதும் தீவு தூங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் காப்பியும் கோகோவும் வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகக் கோகோ இந்தக் குட்டித் தீவுகளிலிருந்துதான் கப்பல் ஏறியது. அடிமை முறை 1875-இல் காகிதத்தில் ஒழிந்தது. அதற்குப் பிறகு அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டே நாடுகளிலிருந்து "ஒப்பந்தத் தொழிலாளி" என்று கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போவது அரிது. இந்தக் கொடுமை வெளியே தெரிந்து, 1909-இல் கேட்பரி உட்பட இங்கிலாந்து சாக்லேட் கம்பெனிகள் இந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்தின.

வட ஆற்காட்டுக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களில் நம்ம ஜில்லா ஆட்கள் எத்தனையோ பேர். சாவோ தோமேவில் தோட்டத்தை "ரோசா" என்பார்கள். பெரிய ரோசா என்றால் ஒரு ஊரே உள்ளே இருக்கும்: துரை வீடு, ஆஸ்பத்திரி, கோயில், கோகோ காயவைக்கும் களம், சரக்கு வண்டிக்குத் தண்டவாளம், அப்புறம் வரிசையாகக் கூலிகள் குடியிருப்பு. நம்ம மலைத் தோட்டத்து லயம் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே. 1975 ஜூலை 12-இல் சுதந்திரம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமை ஆயின, பல தோட்டங்கள் நொடித்துப்போயின. துரை போய்விட்டான், லயத்தில் அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் குடியிருக்கிறார்கள். அகொஸ்தின்யோ நேட்டோ என்று இப்போது பெயர் மாற்றிய ரோசாவில் பிரம்மாண்டமான ஆஸ்பத்திரிக் கட்டடம் கூரை இடிந்து நிற்கிறது. நான் போன அன்று அதன் படிக்கட்டில் ஒரு பாட்டி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே போகலாமா என்று கேட்டேன். "போ, ஆனா மேலே பார்த்துக்கொண்டே நட" என்றார். ரோசாவுக்குப் போனால் அது யாரோ ஒருவர் வீட்டு வாசல் என்ற நினைப்பு இருக்கட்டும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளைகள் "தோசே, தோசே" என்று ஓடி வருவார்கள். நம்ம தோசை இல்லை, மிட்டாய் கேட்கிறார்கள். கொடுத்துப் பழக்காதீர்கள் என்று அங்கே இருக்கிற வாத்தியார்களே சொல்கிறார்கள்.

கோகோவுக்கு நிழல் வேண்டும். அதற்காக வைத்த மரங்களில் நம்ம கல்யாண முருங்கை இனத்து மரங்கள் நிறைய. தோட்டம் கைவிடப்பட்டதும் இந்த நிழல் மரங்கள் விண்ணுக்கு வளர்ந்தன, கோகோ கீழே காட்டுச்செடியாக நின்றுவிட்டது. வழிகாட்டி நடந்துகொண்டே ஒரு காயைப் பறித்து வெட்டுக்கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டுவார், பிளந்துகொள்ளும். உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, கொட்டைகளைச் சுற்றிச் சளசளவென்று. சப்பினால் இனிப்பும் இலேசான புளிப்பும். கொட்டையைக் கடித்தால் கசப்பு, உள்ளே ஊதா நிறம். சாக்லேட் வாசனை துளியும் இருக்காது. அது வர, கொட்டையை மரப்பெட்டியில் குவித்து வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவைக்க வேண்டும்; பெட்டிக்குள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். கள்ளும் புளித்த மாவும் கலந்த ஒரு நெடி. கூட வந்த ஐரோப்பியப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டார். ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைப் பக்கம் பஸ்ஸில் போய்ப் பழகியவனை அதெல்லாம் ஒன்றும் செய்யாது.

சரி, பறவைக்கு வருவோம். இந்தத் தீவுகள் எரிமலை கக்கியவை, கண்டத்தோடு ஒருபோதும் ஒட்டி இருந்ததில்லை. பிரின்சிப்பேவுக்கு வயது 3 கோடி ஆண்டுக்கு மேல், சாவோ தோமே அதில் பாதி. ஆப்பிரிக்கக் கரை 200 கிலோமீட்டருக்கும் மேலே. பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்ததெல்லாம் தனியாக இருந்து தன்பாட்டுக்கு மாறிப்போயின. இவ்வளவு சின்ன இடத்தில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் இருபதுக்கும் மேல். சிறியது பெரிதாகும், பெரியது சிறிதாகும் என்று தீவுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை இங்கே கண்ணால் பார்க்கலாம். உலகத்திலேயே பெரிய தேன்சிட்டு இங்கேதான். நம்ம வீட்டுச் செம்பருத்தியில் தொங்குகிற ஊதாப்பிட்டத் தேன்சிட்டைப் போல் இரண்டு மடங்கு நீளம், கருநீலம். தூக்கணாங்குருவி இனத்திலும் ராட்சதன் இங்கேதான். அரிவாள் மூக்கன் மட்டும் குள்ளமாகிவிட்டது. பிகோனியாச் செடி, நம்ம ஊரில் தொட்டியில் வைப்போமே, அங்கே ஆளை மீறி நிற்கிறது.

இதில் மூன்று பறவைகளுக்காகத்தான் உலகத்துப் பறவைப் பைத்தியங்கள் இங்கே வருகிறார்கள்: அந்தக் குள்ள அரிவாள் மூக்கன், ஒரு கீச்சான், தடித்த அலகுள்ள ஒரு குருவி. முதல் இரண்டையும் 1928-க்குப் பிறகு யாரும் பதிவு செய்யவில்லை. 1990-இல்தான் மறுபடி கண்டார்கள். அந்தக் குருவி 101 வருடம் காணாமல் போய் 1991-இல் கிடைத்தது. நம்ம வட எல்லைக்கு அப்பால் கடப்பாவில் ஜெர்டான் கல்குருவி 1986-இல் திரும்பக் கிடைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒரே காட்டில் மூன்று கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கீச்சானை மட்டும் பார்த்தேன். அதுவும் இரண்டாம் பயணத்தில், தெற்கே ஒரு ஓடைக்கரையில். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைக் கடந்து, அது முடிகிற இடத்தில் காடு சுவர் மாதிரி தொடங்கும். மூன்று மணி நேரம் ஏறி இறங்கினோம். வழிகாட்டி திடீரென்று என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். சத்தம் வந்தது: ஒரே சுருதியில், திரும்பத் திரும்ப, தெளிவான விசில். அவர் அதே மாதிரி விசில் அடித்தார், அது பதில் சொன்னது. பிறகு ஓடைக்கு மேலே, பாசி பிடித்த கிளையில், முதுகு கறுப்பும் வயிறு இளமஞ்சளுமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. வாலை ஒரு தடவை ஆட்டியது. பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துவிட்டுப் பார்த்தபோது கிளை மட்டும் இருந்தது. அவ்வளவுதான் என் கீச்சான். பைனாகுலரை ராத்திரி குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள் என்ற பாடத்தை இப்படித்தான் கற்றேன்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போவது வீண். பாதை என்று நாம் நினைப்பது ஓடையாக இருக்கும். அந்த ஆட்களில் பலர் முன்பு வேட்டைக்குப் போனவர்கள். அதனால்தான் எந்தப் பறவை எங்கே தூங்கும் என்பது வரைக்கும் தெரியும். அரிவாள் மூக்கனைச் சுட்டுத் தின்கிற பழக்கம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. வழிகாட்டிக்கு நல்ல கூலி கொடுப்பது அந்தப் பறவைக்கும் நல்லது.

எனக்கு என்னவோ பறவையை விடத் தவளை பெரிய அதிசயம். தவளைத் தோல் உப்புத்தண்ணீரைத் தாங்காது, அதனால் நடுக்கடல் எரிமலைத் தீவுகளில் தவளையே இருக்கக்கூடாது. இங்கே இருக்கிறது, அதுவும் இங்கே மட்டும் இருக்கிற இனங்கள். எப்படி? காங்கோ, நைஜர் மாதிரி பெரிய ஆறுகள் வெள்ளத்தில் கரையையே மரமும் மண்ணுமாகப் பெயர்த்துக்கொண்டு கடலில் தள்ளும். ஆற்றுத் தண்ணீர் கனம் குறைவு, கடல்மேல் ஏடாக வெகுதூரம் பரவும். மழையும் சேர்ந்தால் மிதக்கும் திட்டின்மேல் தவளை பிழைத்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் சொல்கிற விளக்கம் இது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது மேல்பாலத்தில் நின்று பார்த்தேன், வேரோடு ஒரு மரம் போனது, அதன்மேல் ஒரு பாம்பு. சட்டென்று சாவோ தோமே ஞாபகம் வந்தது.

தவளைக்கு உறவுக்காரன் இன்னொன்று: மஞ்சள் நிறத்தில், கால் இல்லாமல், மண்புழுவும் பாம்பும் கலந்த மாதிரி ஈர மண்ணுக்குள் இருக்கும். பளீரென்று எலுமிச்சைத் தோல் நிறம். அங்கே ஜனங்கள் அதற்குக் கடும் விஷம் என்று நம்பி வெட்டிப்போடுகிறார்கள். ஒரு தீங்கும் இல்லாத ஜீவன். மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்று நம்ம ஊரில் சொல்வதில்லையா, அதே கதை. உண்மையில் பயப்பட வேண்டியது கருநாகத்துக்கு. எலி பிடிக்கப் போர்ச்சுகீசியர் கொண்டுவிட்டது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017-இல்தான் அது இந்தத் தீவுக்கே உரிய தனி இனம் என்று விவரித்தார்கள். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் காட்டில் கால் வைக்காதீர்கள்.

பெரிய மிருகம் எதிர்பார்க்காதீர்கள். தீவுக்குச் சொந்தமான பாலூட்டி வௌவாலும் மூஞ்சூறும்தான். குரங்கு, புனுகுப்பூனை, பன்றி, எலி எல்லாம் கப்பலில் வந்தவை. பறவைக் கூடுகளுக்கு அவைதான் எமன்.

மலை ஏற ஆசை இருந்தால் உச்சி 2,024 மீட்டர், இரண்டு நாள் வேலை, கடைசி ஏற்றம் வேரைப் பிடித்துத் தொங்குகிற ஏற்றம். அவ்வளவு முடியாது என்றால் போம் சுசேசோ தாவரத் தோட்டத்திலிருந்து லகோவா அமேலியா வரை போய்வரலாம், அரை நாள். ஏரி என்று பெயர், தண்ணீர் தெரியாது. எரிமலை வாய்க்குள் செடிகொடி மெத்தையாக மூடியிருக்கும், மிதித்தால் பஞ்சு மாதிரி ஆடும். பெரிய பிகோனியாக்கள் இந்த வழியில்தான். தெற்கே போகும்போது ரோட்டிலிருந்தே கவோ கிராந்தே தெரியும்: காட்டுக்கு நடுவே ஊசி மாதிரி ஒற்றைப் பாறை, 300 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக. முக்கால்வாசி நேரம் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். அதன் பெயருக்குப் பெரிய நாய் என்று அர்த்தம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எனக்கு நாய் தெரியவில்லை.

இனி பிரின்சிப்பே. சின்னத் தீவு, எட்டாயிரம் பேர் சுமாருக்கு, சாவோ தோமேவிலிருந்து விசிறி விமானத்தில் முக்கால் மணிக்குள். ஜவ்வாது மலையில் சுற்றுகிற நீங்கள் காவலூர் தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பேர் வைத்தார்களே, அந்தக் காவலூர். காவலூருக்குப் போனவன் பிரின்சிப்பேவில் சுந்தி ரோசாவுக்குப் போகாமல் திரும்பக்கூடாது. 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம். ஐன்ஸ்டீன் சொன்னபடி சூரியன் பக்கத்தில் வரும்போது நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க, எடிங்டன் என்ற இங்கிலாந்து வானியலாளர் கப்பலில் வந்து இந்தக் கோகோத் தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்தினார். அன்று காலை இடியோடு மழை. கிரகணம் ஐந்து நிமிடச் சொச்சம்தான், மேகம் விலகியும் விலகாமலும் 16 படம் எடுத்தார்கள். அதில் நட்சத்திரம் உருப்படியாக விழுந்தது இரண்டில். பிரேசிலுக்குப் போன இன்னொரு குழுவின் படங்களையும் சேர்த்து நவம்பரில் முடிவை அறிவித்தபோது ஐன்ஸ்டீன் ஒரே நாளில் உலகப் பிரபலம். இதே எடிங்டன்தான் 1935-இல் நம்ம வானியலாளர் சந்திரசேகர் நட்சத்திரங்களின் முடிவு பற்றிப் போட்ட கணக்கை லண்டன் வானியல் சபையில் கேலி செய்தவர். அந்தக் கணக்குச் சரி என்று ஆகி சந்திரசேகருக்கு நோபல் பரிசு வர 1983 ஆனது. சுந்தியில் நினைவுப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது இரண்டும் ஒன்றாக ஞாபகம் வந்து, கும்பிடுவதா முறைப்பதா என்று தெரியவில்லை.

சுந்தி பிறகு தங்கும் விடுதி ஆனது. உபுண்டு மென்பொருளை ஆரம்பித்த தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த் இந்தத் தீவில் பணம் போட்டு விடுதிகளை உருவாக்கினார். ராத்தங்கல் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது. ஊருக்குள் வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதிகள் உண்டு, சுத்தமாக இருக்கும், அதுவே போதும். பழைய காலத்தில் இந்தத் தீவில் தூக்க நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதைப் பரப்பிய ஈயைப் பிடிக்க, தோட்டத்து ஆட்களின் முதுகில் பசை தடவிய கறுப்புத் துணியைக் கட்டி நடக்கவிட்டார்கள். ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். 1914-க்குள் ஈ ஒழிந்தது. நோயை ஒழித்த பெருமையைப் புத்தகங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும். முதுகு யாருடையது என்பதையும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆந்தை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிரின்சிப்பேவின் தெற்குக் காட்டில் ராத்திரி "தூ... தூ..." என்று நொடிக்கு ஒன்றாக ஒரு குரல் கேட்கும். அது புது இனம் என்று உறுதிசெய்து 2022-இல்தான் பெயர் வைத்தார்கள். உலகத்தில் அது வாழ்கிற மொத்த இடம் 15 சதுர கிலோமீட்டர். அறிவியல் பெயரின் பின்பாதி பிகெகிலா: உள்ளூர்க்காரர் ஒருவரின் செல்லப்பெயர். சின்ன வயதில் கிளிக்குஞ்சு பிடித்து விற்றுக்கொண்டிருந்தவர், பிறகு அந்தக் காட்டுக்கே காவலர் ஆனார், ஆய்வாளர்களை ஆந்தையிடம் கூட்டிப்போனவர்களில் முக்கியமானவர். நான் போனது அதற்கு மூன்று வருடம் முன்னால். குரல் கேட்டேனா என்றால், என்னென்னவோ கேட்டது, எது எது என்று யார் கண்டது.

நீங்கள் கேட்காத ஒன்று: கூத்து. வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு இதை விட முடியாது. சாவோ தோமேவில் சிலோலி என்று ஒரு நாடகம், கோயில் திருவிழா நாட்களில் திறந்தவெளியில், மணிக்கணக்காக ஆடுவார்கள். எல்லா வேஷமும் ஆண்களே, பெண் வேஷம் உட்பட. புல்லாங்குழல், மத்தளம், முகத்துக்குக் கம்பி வலையில் முகமூடி. கதை என்ன தெரியுமா? பேரரசனின் மகன் ஒருவனைக் கொன்றுவிடுகிறான். செத்தவன் வீட்டார் அரசனிடம் நியாயம் கேட்டு வருகிறார்கள். பெற்ற பிள்ளை என்று விடுவானா, தண்டிப்பானா? மனுநீதிச் சோழனை ஐரோப்பாவில் பிறக்கவைத்த மாதிரி. கதை 16-ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியக் கதை. ஆனால் நடுவில் கோட்டு சூட்டு போட்ட வக்கீல்கள் வருவார்கள், மேசையில் டைப்ரைட்டரும் டெலிபோனும் இருக்கும். துரைகள் ஆண்ட தீவில், ஆளுகிறவன் மகனும் தண்டனைக்குத் தப்பக்கூடாது என்று விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசுகள் விடாமல் ஆடிவந்திருக்கிறார்கள். நான் பார்த்த அன்று பாதி வசனம் புரியவில்லை. நம்ம ஊரில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது எல்லாருக்கும் பாட்டு புரிந்தா பார்க்கிறோம்.

இப்போது காரியத்துக்கு வருவோம்.

வழி: சென்னை, அடிஸ் அபாபா, லுவாண்டா, அங்கிருந்து சாவோ தோமே என்பது ஒன்று. லிஸ்பன் வழி இன்னொன்று, வசதியானது, ஆனால் சுற்று, ஐரோப்பிய வீசா சிக்கலும் சேரும். வீசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன்பு, போகிற நாட்டுக்கு மட்டும் அல்லாமல் இடையில் இறங்குகிற நாட்டுக்கும் பாருங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விமானத்துக்கே போய்விடும். ஆளுக்கு இரண்டு லட்சத்துக்குக் கீழே கணக்குப் போடாதீர்கள். பிரின்சிப்பே சேர்ந்தால் அதற்கு மேல்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கண்டிப்பாக வேண்டும். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டால்தான் செல்லும், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும். முட்டை அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். அந்த மஞ்சள் அட்டையைத் திரும்பி வரும்போதும் பத்திரமாக வையுங்கள். அங்கோலா, எத்தியோப்பியா வழியாக வருகிறவர்களிடம் நம்ம விமான நிலையத்திலேயே கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தல். மலேரியா மாத்திரைக்கும் டாக்டரைப் பாருங்கள். வேலூர்க்காரனுக்கு டாக்டர் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயில்லை.

பணம் யூரோ நோட்டாகக் கையில் வேண்டும், நம்ம கார்டை நம்பிப் போகாதீர்கள். உள்ளூர்ப் பணம் தோப்ரா, ஒரு யூரோவுக்கு 24.5 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். நான் முதலில் போனபோது அது 24,500. 2018-இல் மூன்று சுழியை வெட்டினார்கள். கணக்குப்பிள்ளையான எனக்குப் பழையதுதான் பிடித்தது: சாப்பிட்டுவிட்டு லட்சத்தில் பில் கட்டுகிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்.

காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, அதை "கிராவானா" என்பார்கள். காட்டுக்கும் மலைக்கும் அதுதான். ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி. மழை என்றால் சாதாரண மழை இல்லை. தென்மேற்கில் சில இடங்களில் வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டர் வரை. நம்ம வேலூரில் ஏழு வருடம் பெய்வது அங்கே ஒரு வருடம். வடகிழக்கில் அதே தீவில் புல்வெளியும் பாவோபாப் மரமும்.

சாப்பாட்டில் நமக்குக் கஷ்டமில்லை. மீன், வாழைக்காய், சீமைப்பலா, சேப்பங்கிழங்கு, தேங்காய், பலாப்பழம். கலுலு என்று கீரை, வெண்டைக்காய், கருவாடு போட்டுப் பனையெண்ணெயில் மணிக்கணக்காகச் சுண்டவைக்கிற குழம்பு ஒன்று உண்டு, சோற்றோடு அருமை. சைவக்காரருக்குத்தான் திண்டாட்டம், கருவாடு இல்லாத கீரை என்றால் சிரிப்பார்கள். பருப்புப்பொடி எடுத்துப் போங்கள்.

எதையும் அவசரப்படுத்த முடியாது. எப்படி இருக்கீங்க என்றால் "லெவ லெவ" என்பார்கள், மெதுவா மெதுவா என்று அர்த்தம். பஸ், சாப்பாடு, கரண்ட் எல்லாவற்றுக்கும் அதே பதில். பிரின்சிப்பேவிலிருந்து திரும்ப வேண்டிய என் விமானம் ஒரு நாள் இல்லை, மறுநாளும் இல்லை. கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர் தோளைக் குலுக்கினார். லுவாண்டா விமானம் கைவிட்டுப் போய், புது டிக்கெட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. அதனால் பிரின்சிப்பேவைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். மொத்தம் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அதில் மூன்று நாள் சும்மா போகும் என்று இப்போதே எழுதிவையுங்கள்.

உங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது கடற்கரையில் படுத்திருப்பதுதான் ஆசை என்றால் அவரை மாலத்தீவுக்கு அனுப்பிவிடுங்கள், காசும் மிச்சம். மற்ற இரண்டு பேர் போங்கள். போவதற்கு முன் மூன்று மாதம் கொஞ்சம் போர்ச்சுகீசியம் படியுங்கள். ரப்பர் பூட்ஸ் அங்கே சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கும், சுமந்துகொண்டு போக வேண்டாம். ஆனால் பத்தாம் நம்பருக்கு மேலே கால் இருந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாம் நம்பரில் காலைத் திணித்து நான்கு நாள் நடந்தேன், இரண்டு கட்டைவிரல் நகமும் போச்சு.